மாமா கம்பெனியில் எடுத்த படம்

1

லீட்ஸில் ஆயுத பூஜைக்கு நான் பொட்டு வைக்கும் ஆயுதங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். மிக்சி, வாக்குவம் கிளீனர், வீட்டுக்காரரின் லேப்டாப், அப்புறம் கார். கார் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கும்போது எதிர்வீட்டு அம்மாள் ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பார். முதல் வருடம் விளக்கம் சொன்னேன். இப்போதெல்லாம் கையை ஆட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன்.

இந்த வருடம் அந்த வேலை இல்லை. பூஜைக்குத் திருப்பூருக்கே போய்விட்டு வந்தோம், நானும் மகள் இனியாவும். திரும்பி வந்ததிலிருந்து அவள் என்னோடு அதிகம் பேசவில்லை. கோபம் என்று இல்லை. என்ன பேசுவது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வாயால் வராதது கையால் வருமா என்று பார்க்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் தம்பி மூர்த்திக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை, வரிசையாகத் தையல் மிஷின்கள், ஒரு ஓரத்தில் செக்கிங் மேசை, வாசலில் டீக் கேன். ஏற்றுமதி செய்யும் பெரிய கம்பெனி ஒன்று துணியை வெட்டிக் கொடுக்கும். இவன் ஆள் வைத்துத் தைத்துக் கொடுப்பான். அப்படித் தைத்ததில் ஒரு பங்கு கப்பலேறி நான் இருக்கும் நாட்டுக்கு வந்து, நான் காய்கறி வாங்கப் போகும் கடைத்தெருவிலேயே தொங்குகிறது. ஒரு டி-சர்ட்டையாவது உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்காமல் அந்தக் கடையை விட்டு எனக்கு வெளியே வர முடியாது. ஒருமுறை விற்பனைப் பெண் வந்து, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள். என் தம்பியை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அளவு பார்க்கிறேன் என்று சமாளித்தேன்.

2

இனியா இங்கே பிறந்தவள். தமிழ் பேச வரும், படிக்க வராது. பேசுகிற தமிழும் பெரும்பாலும் மாமாவிடம் போனில் பேசிப் பேசி வந்தது. அதனால் இங்குள்ள தமிழ்ப் பள்ளியில் அவள் வாயைத் திறந்தால் ஆமாங்க, இல்லீங்க என்று ஒரே திருப்பூராக இருக்கும். யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர், "பிள்ளை ஏன் எல்லாருக்கும் இவ்வளவு மரியாதை குடுக்குது?" என்று என்னிடம் கவலையோடு விசாரித்திருக்கிறார்.

எங்கள் பக்கம் தாய்மாமன் என்றால் பத்தோடு பதினொன்றாக ஒரு உறவு இல்லை. காது குத்த மடியில் உட்கார வைப்பதிலிருந்து கல்யாண மேடை வரைக்கும் அவன் கை படாமல் ஒன்றும் நகராது. இனியா பெரியவளானபோது சடங்கை ஊரில் என் அப்பா வீட்டில் வைத்தோம்; மூர்த்தி சீர்த்தட்டுகளை ஒரு டெம்போ நிறைய ஏற்றிக்கொண்டு வந்தான். தைத்த பீஸ்களை டெலிவரி கொடுக்கிற அதே டெம்போ. கம்பெனிப் பெண்கள் பின்னால் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார்கள். இறங்கும்போது எல்லார் தலையிலும் பனியன் பஞ்சு.

அவளோடு ஊருக்குப் போவது அவ்வளவு சுலபமில்லை. இந்திய வம்சாவளி என்று காட்ட அவளுக்கு ஓர் அட்டை வேண்டும். விண்ணப்பித்தபோது என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது. அவளுடையதில் அவள் அப்பா பெயர் இருந்தது. நீங்கள் அம்மாவும் மகளும்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கவுண்டரில் கேட்டார்கள். எங்கள் இரண்டு பேர் மூக்கையும் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். வக்கீல் கையெழுத்து வாங்கி வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வெளியே வந்ததும் இனியா, "மாமாவைப் பாக்கறதுக்கு இத்தனை பேப்பராங்கம்மா?" என்றாள்.

ஆம், மாமாவைப் பார்ப்பதற்குத்தான். எங்களுக்கு அங்கே இப்போது சொந்த வீடு இல்லை. அப்பா அம்மா போய்விட்டார்கள். மூர்த்தி ஒருவன்தான் மிச்சம். அவனும் இல்லை என்றாகிவிட்டால் என் மகளுக்குத் திருப்பூர் என்பது டி-சர்ட்டுக்குள் தைத்திருக்கும் ஒரு சின்னத் துணி, அவ்வளவுதான். அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு.

3

அவள் கல்லூரியில் படிப்பது ஊடகம். போன வருடம் கோடை விடுமுறைக்கு முன்னால், உலகமயமாதலைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் காபிக் கொட்டை, வாழைப்பழம் என்று தேடிக்கொண்டிருக்க, இவளுக்கு வீட்டுக்குள்ளேயே விஷயம் கிடைத்தது. ஆனாலும் முதலில் அவள் போனது கடைத்தெருவில் உள்ள அந்தத் துணிக்கடைக்குத்தான். கேமராவை எடுத்ததும் மேனேஜர் வந்து, தலைமை அலுவலகத்தில் அனுமதி வாங்கி வா என்றார். தலைமை அலுவலகம் பதிலே போடவில்லை.

மூர்த்தியிடம் போனில் கேட்டாள். "எங்க வேணும்னாலும் எடு கண்ணு. இது உன்ற கம்பெனி, எவன் கேக்கறது?" என்றான். நாங்கள் போய் இறங்கியதும் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினான். காதர்பேட்டைக்குக் கூட்டிப்போய், வடக்கேயிருந்து வந்த வியாபாரிகள் இந்தியில் பேரம் பேசுவதையும் மூட்டை மூட்டையாகப் பனியன் ஏறுவதையும் காட்டினான். போன் ஆடாமல் நிற்க மூன்று கால் ஸ்டாண்டு வாங்கிக் கொடுத்தான். கம்பெனியில் ஒரு வாரம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பெண்கள் தினமும் பூ வைத்துக்கொண்டு வந்தார்கள்.

அங்கே முத்துச்செல்வி என்று ஒருத்தி, ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் உட்காருகிறவள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்து வெகுகாலம் ஆகிறது. இனியா அவள் முன்னால் போனை நீட்டிய நேரம் பார்த்து வாய் நிறையக் கொட்டாவி விட்டாள். உடனே வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஆத்தி, இதையும் எடுத்துட்டியா பாப்பா? கோயில் கொடைக்குப் போயிட்டு விடிய விடிய பஸ்சுல முழிப்பு. அழிச்சிரு தாயி."

கொட்டகை முழுக்கச் சிரித்தது. நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

4

படத்தை இனியா எனக்கு லீட்ஸில் எங்கள் சோபாவில் உட்கார வைத்துக் காட்டினாள். நன்றாகத்தான் எடுத்திருந்தாள், அதை மறைக்க மாட்டேன். கொட்டகை வந்ததும் பின்னணியில் பியானோ தொடங்குகிறது. அந்த மாதிரி இசை ஒன்று இருக்கிறது. இங்கே டிவியில் நம் நாடுகளைக் காட்டும்போதெல்லாம் போடுவார்கள். அதை ஓடவிட்டால் கல்யாணப் பந்தி கூட நிவாரண முகாம் மாதிரி ஆகிவிடும். முத்துச்செல்வி கொட்டாவி விடுகிறாள். அதோடு இனியா வெட்டிவிட்டாள். சிரிப்பு இல்லை. இனியாவின் குரல் ஆங்கிலத்தில் சொல்கிறது: இந்தப் பெண்கள் தினமும் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கிறார்கள். முடியாது என்று சொல்ல இவர்களுக்குப் பயம். இதை நடத்துகிறவர் என் சொந்த மாமா மூர்த்தி. அவர் மேல் எனக்கு உயிர். ஆனால் அவர் செய்வது தவறு.

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்பார்கள். காலையில் எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தால் ராத்திரி எட்டரைக்கு எழுந்திருப்பது. அதை யாரும் பன்னிரண்டு மணி நேரம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒன்றரை என்றால் சின்னதாகத்தான் தெரிகிறது. மகள் வாயால் மணிக்கணக்காகக் கேட்டபோது எனக்கே திடுக்கென்றது. அவள் பொய் சொல்லவில்லை. என் சங்கடமே அதுதான்.

"செல்வி சிரிச்சதை ஏன் வெட்டினே?" என்று மட்டும் கேட்டேன்.

"அதைப் போட்டா சீரியஸா இருக்காதும்மா."

"அவங்க சிரிச்சாங்களே."

"சிரிச்சாலும் டயர்டுதானே?" என்றாள்.

கல்லூரியில் பாராட்டினார்கள். இணையத்தில் போட்டாள், பரவியது. உள்ளூர் டிவியின் மாலைச் செய்தியில் ஒரு துண்டு காட்டினார்கள். இனி இப்படிப்பட்ட கடைகள் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டோம் என்கிற பொருளில் பலபேர் கீழே எழுதினார்கள். அடுத்த சனிக்கிழமை நான் எங்கள் கடைத்தெருத் துணிக்கடைக்குப் போனேன், அங்கே கூட்டம் எப்போதும் போலத்தான் இருந்தது. படத்தில் கடையின் பெயரும் வரவில்லை, முகமும் வரவில்லை. கதவைச் சாத்தியவர் தப்பித்துக்கொண்டார். திறந்து விட்டவன் மாட்டிக்கொண்டான்.

மூர்த்திக்கு ஆங்கிலம் என்றால் ஷிப்மென்ட், ஆல்டர், ரிஜெக்ட், அவ்வளவுதான். படத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, என்ற பேரைச் சொல்றாளுங்க்கா. அந்த ஊரு டிவியில." பெருமை தாங்காமல் இரண்டு தரம் சொன்னான்.

"மூர்த்தி, அதுல கம்பெனியைப் பத்திக் குறையும் சொல்றாடா."

"சொல்லட்டுங்க்கா. ஊட்டுப் புள்ளை சொல்லாம எவன் சொல்லுவான்?"

"அப்படி இல்லடா. வேலை நேரத்தைப் பத்தி..."

"கம்முன்னு இருங்க்கா. அவ என்ன பண்ணுனாலும் நொள்ளை சொல்றதே உங்களுக்குப் பொழப்பாப் போச்சு."

ஆபீஸ் அறை டிவியில் அந்தப் படத்தைப் போட்டு வைத்தான். நூல் விற்க வந்தவர், ஊசி விற்க வந்தவர், மிஷின் ரிப்பேருக்கு வந்தவர், எல்லோருக்கும் டீயும் படமும். கடைசியில் ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து வந்த மெர்ச்சண்டைசர் பையனுக்கும் போட்டுக் காட்டினான். ஆர்டர் வேலையெல்லாம் மேற்பார்வை பார்ப்பவன், வெளிநாட்டுக்காரர்களோடு தினமும் ஆங்கிலத்தில் பேசுகிறவன். முழுக்கப் பார்த்தான், டீயைக் குடித்து முடித்தான், "சூப்பருங்ணா" என்று சொல்லிவிட்டுப் போனான். அதையும் மூர்த்தி எனக்குப் பெருமையாகத்தான் சொன்னான்.

5

போன வருடம் ஆயுத பூஜை நெருங்கியதும் மூர்த்திக்கு ஓர் ஆசை வந்தது. பூஜைக்குத் தொழிலாளிகள் எல்லாம் குடும்பத்தோடு கம்பெனிக்கு வருவார்கள். "தமிழ்ல பேசி அனுப்பச் சொல்லுங்க்கா, ஸ்கிரீன் கட்டிப் போட்டுரலாம். நம்ம ஆளுகளுக்கும் புரியோணுமில்ல" என்றான்.

இனியாவுக்கு மகிழ்ச்சி. யாரைப் படம் எடுத்தோமோ அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று அவளுடைய ஆசிரியர் சொல்லியிருக்கிறாராம். முதலில் மாமாவுக்கு மட்டும் போட்டுக் காட்டு என்று கெஞ்சினேன். "அவரு கேட்டதுதானம்மா? நான் மறைச்சாத்தான் தப்பு" என்றாள். தமிழ் வார்த்தை கேட்டுக்கூட என்னிடம் வரவில்லை. தன் அறைக்குள் போய்ப் பேசிப் பதிவு செய்து நேராக மாமாவுக்கே அனுப்பினாள். மாமா அதைத் திறந்தும் பார்க்கவில்லை. அக்கா மகள் அனுப்பியதைச் சோதித்துப் பார்க்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. லேப்டாப்புக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சூடம் காட்டி, எல்லோரையும் உட்கார வைத்துவிட்டுத்தான் பொத்தானை அமுக்கினான்.

மூர்த்தியின் மனைவி கவிதா தன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு வீடியோவில் காட்டினாள். இங்கே காலை நேரம். மிஷின்களில் சாமந்தி மாலை, தூண்களில் வாழைக்கன்று, தரையில் ஜமக்காளம். இனியாவின் குரல் வந்ததும் அந்த லீட்ஸ் ராகத்துக்கு எல்லோரும் சிரித்தார்கள். கொட்டாவிக்கு இன்னும் பெரிய சிரிப்பு.

ஆங்கிலத்தில் அவளிடம் பெரிய பெரிய சொற்கள் இருந்தன. தமிழில் மாமாவிடம் கற்ற சொற்கள்தான் உண்டு.

"இவங்களை மாமா ரொம்ப நேரம் வேலை வாங்கறாருங்க. இவங்களுக்குத் தூக்கமே பத்தறதில்லீங்க. முடியாதுன்னு சொல்ல இவங்களுக்குப் பயமுங்க. மாமா நல்லவருங்க. ஆனா இவரு பண்றது தப்புங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. மூர்த்தி பொரித் தட்டைக் கையில் வைத்தபடி ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். முத்துச்செல்விதான் முதலில் வாயைத் திறந்தாள். ஸ்கிரீனைப் பார்த்தே கேட்டாள்.

"ஏ பாப்பா, எனக்குப் பயம்னு ஒங்கிட்ட எப்பச் சொன்னேன்? அரை ஷிப்டை எடுத்துட்டா நான் ஊருக்கு என்னத்த அனுப்ப?"

பின்வரிசையில் முகம் தெரியாத ஒரு பெண், "பாப்பா சொல்றதும் நெசந்தானக்கா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் அந்த அமைதியில் எங்களுக்கே கேட்டது. மூர்த்தி அவள் யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. "பொரி நமுத்துப் போயிருமுங்க, எல்லாரும் எடுத்துக்கங்க" என்று தட்டை முன்வரிசைக்கு நீட்டினான். கவிதா போனை அணைத்துவிட்டாள். இனியா வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலை. மூர்த்தி எப்போதும் போலப் போன் செய்தான், இனியாவிடம் சாப்பிட்டாயா என்று கேட்டான், குளிருக்குக் கம்பளி போடு என்றான். கம்பெனிப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

மீதியைக் கவிதா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். துணி கொடுக்கும் பெரிய கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். படத்தை அவர்கள் பார்த்தாகிவிட்டது. இனி இங்கே ஒரு ஷிப்ட்தான், அரை ஷிப்ட் கிடையாது, வெளி ஆள் யாரும் கேமராவோடு உள்ளே வரக்கூடாது, மீறினால் துணி வராது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் தைத்துக் கொடுக்கும் தேதியைத் தள்ளிவைக்கவும் இல்லை, ஒரு பீஸுக்கான கூலியைக் கூட்டவும் இல்லை.

இதை இனியாவிடம் சொன்னபோது அவள் முகம் மலர்ந்தது. "நிறுத்திட்டாங்களா? அப்போ படம் வேலை செஞ்சிருக்குங்கம்மா."

"பாதி டைலருங்க போயிட்டாங்களாம்."

"எங்கே?"

"பக்கத்துக் கம்பெனிக்கு. அங்கே ஒன்றரை ஷிப்ட் ஓடுதாம்."

அவள் எழுந்து போய் ஜன்னலோரம் நின்றாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இருபது வயதுகூட ஆகாத பெண். தன் சொந்த மாமாவென்றும் பார்க்காமல் தப்பைத் தப்பு என்று சொன்னாள். அதில் எனக்குப் பெருமையே உண்டு. மலிவாக இருக்கிறதென்று அதே கடையில் வாங்கி உடுத்திக்கொண்டு, கொட்டகையில் நடப்பது தெரிந்தும் இத்தனை வருடம் கம்மென்று இருந்தவள் நான். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து இங்கே கண் கலங்கியவர்கள் மறுநாள் வேறு படம் பார்க்கப் போய்விட்டார்கள். மூர்த்தி எங்கே போவான்? பார்த்தவர்களுக்கு அது உலகச் செய்தி. எங்கள் வீட்டுக்கு அது குடும்ப விஷயம்.

7

இந்த வருடம் பூஜைக்குப் போகலாம் என்று சொன்னதே இனியாதான். மாமாவை நேரில் பார்த்துப் பேசிவிட வேண்டும் என்றாள். கல்லூரியில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கினாள். கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு மூர்த்தி காரோடு வந்து நின்றான். "வா கண்ணு" என்று பெட்டியை வாங்கிக்கொண்டான். ஒரு குறை சொல்ல முடியாது. எனக்குக்கூட எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் தோன்றியது.

பூஜையன்று கம்பெனி வாசலில் போன், கேமரா கூடாது என்று புது போர்டு ஒன்று தொங்கியது. பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். "எல்லாத்துக்கும் ஒரே ரூலுங்க கண்ணு, ஒண்ணும் நெனச்சுக்காத" என்றான் மூர்த்தி. இனியா போனைப் பெட்டியில் போட்டாள். உள்ளே நுழைந்ததும், வேலையை விட்டுப் போகாமல் மிச்சமிருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். போன தடவை அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்ட அதே பெண்கள்.

ஒன்றை நான் இங்கே சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் ஆடிட் என்று ஒன்று உண்டு. துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆள் அனுப்பித் தொழிலாளிகளிடம் கேள்வி கேட்பார்கள். அதற்கு முந்தின நாளே சூப்பர்வைசர் எல்லோரையும் நிறுத்தி வைத்து, என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்ய வைத்துவிடுவார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

இனியா நேராக முத்துச்செல்வியிடம் போனாள். "நல்லா இருக்கீங்களாக்கா? என் மேல கோபமா?"

முத்துச்செல்வி கைகளை உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டு நின்றாள்.

"எட்டு மணி நேரந்தான் மேடம் வேலை. டயத்துக்கு டீ, டயத்துக்குச் சாப்பாடு. யாரும் கட்டாயப்படுத்துறதில்ல. நாங்க சந்தோசமா இருக்கோம்."

விளையாடுகிறாள் என்று நினைத்து இனியா சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. செல்வியின் கையைத் தொடப் போன இனியா பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் மதியம் மூர்த்தி வீட்டில் விருந்து. கவிதா அரிசிம்பருப்புச் சாதமும் நாட்டுக்கோழிக் குழம்பும் செய்திருந்தாள். மூர்த்தியே பரிமாறினான். இனியா சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவன் கரண்டியோடு அவள் பக்கம் வந்தபோது, தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"மாமா, உங்களுக்கு என் மேல கோபமாங்க?"

"உம்மேலயா? எதுக்கு கண்ணு?" குழம்பை ஊற்றினான். "கம்பெனி நல்லா நடக்குதுங்க. யாருக்கும் ஒரு கொறையும் இல்லீங்க."

"நான் கம்பெனியைக் கேக்கலீங்க மாமா."

அவன் கண் அவள் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த போன் மேல் இருந்தது. அதை அவளும் பார்த்துவிட்டாள். எச்சில் கையை எடுத்துக்கொண்டு, இடது கையால் போனை எடுத்து அணைத்து, மேசைக்குக் குறுக்கே என்னிடம் நீட்டினாள். நான் வாங்கி என் பைக்குள் போட்டுப் பையை மூடினேன். மூர்த்தி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

"இப்போ சொல்லுங்க மாமா" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

மூர்த்தி கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தான். அவள் தலையில் கை வைத்து ஒரு தரம் தடவிக் கொடுத்தான்.

"எட்டு மணி நேரந்தானுங்க கண்ணு வேலை" என்றான்.